துரையின் மதியத் தூக்கம்

பேருந்து டெப்போவில் என் கணவர் அதிகாரியானதும் முதல் உத்தரவு எனக்குத்தான் வந்தது. போட்டவள் நாத்தனார். "அண்ணன் இப்போ பெரிய ஆள். பழையபடி கத்தாதீங்க அண்ணி, நல்லா இருக்காது." சரி, நம்மால் அவர் மரியாதை கெட வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அன்றிலிருந்து மனிதருக்குத் தூக்கம் போயிற்று. கண் குழி விழுந்தது. "வேலைப் பளு. இப்படியே போனா இதயம் தாங்காது. சத்தமே இல்லாத இடத்துக்குக் கூட்டிட்டுப் போய்த் தூங்க வைங்க" என்றார் டாக்டர்.

இந்த ஏரிக்கரை ஊரைப் பிடித்துத் தந்தவளும் நாத்தனார்தான். "அங்க ஈ கூட அனுமதி கேட்டுத்தான் பறக்கும் அண்ணி." உண்மைதான். வெள்ளைக்காரத் துரை ஒருவர் ஓய்வெடுக்கக் கட்டிய பங்களா இப்போது விடுதி. உயரமான கூரை, கதவளவு ஜன்னல்கள், வராந்தாவில் பிரம்பு நாற்காலிகள், எதிரே அசையாத ஏரி. மதியச் சாப்பாடு முடிந்து தேநீர் வரும்வரை யாரும் பேசக் கூடாது. துரை தூங்கும் நேரமாம் அது. துரை மண்ணுக்குள் போய் எத்தனையோ காலமாயிற்று. அவர் தூக்கத்துக்கு மட்டும் இன்னும் காவல் இருக்கிறது.

காவல்காரர் விடுதி மேலாளர். காலில் கம்பளிச் செருப்பு. யாராவது இருமினால் எங்கிருந்தோ முளைத்து உதட்டில் விரல் வைப்பார். வந்த அன்றே எங்கள் கதவைத் தட்டி, "இங்க யாரும் கதவைத் தட்டித் தொந்தரவு பண்ண மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் வீட்டுக்காரர் ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டார், பொறுத்தேன். மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே மறந்து வந்திருந்தார், பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"எம்மேல கோவமா?" என்றார் பாவமாக.

"இல்லைங்களே."

இன்னும் பயந்துபோனார். அன்றும் தூங்கவில்லை.

ஊர் திரும்புவதற்கு முந்தைய மதியம், வராந்தா நாற்காலியில் அவர் தலை மெல்லச் சாய்ந்தது. மெலிதாக ஒரு குறட்டை. எனக்குக் கண்ணீர் முட்டியது. அப்போது பார்த்து வந்தது கம்பளிச் செருப்பு. மேலாளர் அவர் தோளைத் தட்டி எழுப்பிக் கிசுகிசுத்தார்: "மன்னிக்கணும் சார். இது தூங்கற நேரம். குறட்டை விடக் கூடாது."

அவ்வளவுதான், அடக்கி வைத்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏன்யா, உனக்கு மனசாட்சி இருக்கா? செத்தவன் தூக்கம் கெட்டுடும்னு உயிரோட இருக்கிறவரை எழுப்புறியே!"

ஈரத் துண்டுக்கும், கண்ணாடிக்கும், நாத்தனாருக்கும் சேர்த்து மேலாளருக்கே விழுந்தது. ஜன்னல்கள் திறந்து தலைகள் எட்டிப் பார்த்தன. ஏரியில் இருந்த பறவைகள் கூட்டமாகக் கிளம்பின. மேலாளர் கைகூப்பினார். "அம்மா, கால்ல வேணா விழறேன், நிறுத்துங்க."

மூச்சு வாங்க நிறுத்தினேன். முதுகுக்குப் பின்னால் குறட்டைச் சத்தம் கேட்டது. திரும்பினால், என் வீட்டுக்காரர் வாயைப் பிளந்துகொண்டு, அதிகாரி ஆவதற்கு முன்னால் தூங்கியதைப் போலத் தூங்கிக்கொண்டிருந்தார். நான் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குறட்டை தடுமாறியது. இமை அசைந்தது.

"நிறுத்தினா எழுந்துடுவார்" என்றேன். "நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருய்யா. இன்னும் நிறைய இருக்கு."

மேலாளர் உட்கார்ந்தார்.