தோழனின் கை

வாகீசனின் கை முழங்கைக்குக் கீழே சிவந்து வீங்கி, தொட்டால் சுட்டது. உள்ளே சீழ். பத்து வருடமாக இந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் தாதியாக மருந்து கட்டும் எனக்கு ஊசி குத்திய தடங்கள் தெரியாமலா போகும்?

"பூரான் கடிச்சது மிஸ்," என்றார் தாய் சிவகௌரி.

"எத்தினை பூரான்?" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவன் தலை குனிந்துகொண்டான்.

இன்றைக்கே வெட்டிச் சீழ் எடுக்க வேண்டும், வார்ட்டில் நிற்க வேண்டும் என்று டொக்டர் சொல்லிப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை இவன்ரை தங்கச்சிக்குக் கலியாணம். இவன்தான் தோழன். மாப்பிள்ளையின்ரை கால் கழுவி, அவர் போடுற மோதிரத்தை வாங்க வேறை ஆம்பிளைப்பிள்ளை இல்லை. இவன் போதை ஊசி அடிக்கிறான் எண்டு தெரிஞ்சால் மாப்பிள்ளை வீட்டார் வரமாட்டினம் மிஸ்."

"எனக்கு நோகேல்லை," என்றான் அவன். பச்சைப் பொய்.

டொக்டர் விழுங்கக் குளிசை மட்டும் எழுதிக் கொடுத்தார். நான் நீலப் பேனையால் சிவப்பைச் சுற்றிக் கோடு கீறினேன்.

"இதைத் தாண்டினால் கலியாண வீடோ செத்த வீடோ பாக்காமல் கொண்டு வாங்கோ."

"ஓம் மிஸ்."

சனிக்கிழமை காலை பட்டு வேட்டியோடேயே தூக்கி வந்தார்கள். காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தான். மாப்பிள்ளை போட்ட மோதிரம் வீங்கிய சின்னிவிரலில் பாதி வரைதான் ஏறியிருந்தது. சட்டைக் கையைக் கத்தரித்தேன். தோல் கறுத்து, அழுகல் மணம் மூக்கில் அடித்தது. என் நீலக் கோட்டுக்கு மேலே ஒரு சிவப்புக் கோடு. அதற்கு மேலே இன்னொன்று. முழங்கை தாண்டி மூன்றாவது.

"ஒவ்வொரு நாளும் பாத்தனான் மிஸ். தாண்டத் தாண்டப் புதுசாக் கீறினனான், கலியாணக் கார்ட் எழுதின பேனையாலை. கடைசிக் கோட்டை இன்னும் தாண்டேல்லை," என்றார் சிவகௌரி.

வந்த கோபத்தை யார்மேல் கொட்டுவது? கோடு கீறிக் காட்டியது நான். அது எதற்கு என்று அவரை இருத்தி வைத்துச் சொல்லியிருக்கலாம். வெருட்டத் தெரிந்த வாய்க்கு விளங்கப்படுத்தத் தெரியவில்லை. அந்த வெட்கம் என்னை இன்னும் விடவில்லை.

பெரியாஸ்பத்திரிக்கு அம்புலன்ஸில் நானும் போனேன். சத்திரசிகிச்சை டொக்டர் கையைப் பார்த்தார். கறுப்புப் பேனை எடுத்து, தோளுக்குச் சற்றுக் கீழே கையைச் சுற்றிக் கோடு கீறினார்.

சிவகௌரியின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"அது நல்லா மேலைதானே மிஸ். அதுவரைக்கும் வர நாள் எடுக்கும். அதுக்குள்ளை மருந்து பிடிச்சிடும், என்ன?"

அது கையை வெட்டி எடுப்பதற்கான கோடு. தாதிமார் அவனை ஒப்பரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். சொல்ல வேறு ஆள் இல்லை. இந்த முறை அவரை வாங்குப் பலகையில் இருத்தி, கையைப் பிடித்துக்கொண்டு, விளங்கும்படி சொன்னேன்.