கொசுவின் பெயர்

என் தங்கையைத் தெரிந்தவர்கள் எல்லோரும் கொசு என்றுதான் கூப்பிடுவார்கள். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பிறந்த புதிதில் ஒருவரையும் தூங்கவிடாமல் காதோரமே அழுதாளாம், அதனால் என்பார் அப்பா. இயந்திரத்துக்குப் பின்னால் சிக்கிய போர்வையை எடுக்க எந்த இடுக்கிலும் புகுந்துவிடுவாள், அதனால்தான் என்று சத்தியம் செய்வார்கள் அவள் வேலை செய்யும் சலவைக்கூடத்தில். எத்தனை தடவை விரட்டினாலும் விடுப்பு கேட்டுத் திரும்பி வந்து நிற்பதால் வந்த பெயர் என்பது மேலாளரின் கட்சி. அவள் கணவரோ சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். அந்தக் கதையை நான் தோண்டவில்லை.

கொசுவுக்கு இதெல்லாம் வேப்பங்காய். ஓட்டப் பந்தயத்தில் சேர்ந்ததே அதனால்தான்.

"ஜெயிச்சா மைக்ல முழுப் பேரச் சொல்வாங்கக்கா. ஒரு தடவையாவது என் பேர நாலு பேர் கேக்கணும்" என்றாள். வேலை முடிந்து கால் வலியோடு வந்தவள், அந்தக் காலோடேயே தினமும் ஓடினாள்.

பந்தயத்தன்று சலவைக்கூடமே திரண்டு வந்திருந்தது. பாதி தூரம்வரை கொசு கடைசிக் கும்பலில்தான் கிடந்தாள். கடைசி வளைவில் என்ன வேகம் வந்ததோ, ஒவ்வொருவராக முந்தினாள். மேலாளர் தொப்பியைக் கழற்றி வீசினார், அது யார் தலையில் விழுந்தது என்றுகூடப் பார்க்கவில்லை. கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. கோட்டைத் தாண்டியபோது கொசுதான் முதல்.

ஒலிபெருக்கி முதல் பரிசுக்கு ஒரு பெயரைச் சொன்னது. கணீரென்று, முழுசாக. எங்கள் வரிசையில் ஒருவர்கூடக் கை தட்டவில்லை.

"யாரும்மா அது?" என்று என்னைக் கேட்டார் அப்பா. அவரே வைத்த பெயர்.

மேலாளருக்கு ரத்தம் கொதித்தது. ஆட்களைத் திரட்டிக்கொண்டு நடுவரின் மேசைக்கே போய்விட்டார். சண்டை என்றால் எனக்கும் விட்டுவிட மனம் வராது, பின்னாலேயே ஓடினேன்.

"எங்க கொசுதான் மொதல்ல வந்துச்சு. நீங்க யாரோ ஒருத்தி பேரச் சொல்றீங்களே, நியாயமா?" என்றார் மேலாளர்.

நடுவர் பேந்தப் பேந்த விழித்தார். மேடையில் நின்ற கொசு தலையில் அடித்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. மைக்கை வாங்கினாள்.

"சண்ட போடாதீங்க. அது நான்தான்."

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. வெட்கம் தீரும்வரை அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கத்தினோம். இரண்டாவதாக வந்த பெண், காதோரம் மூச்சுச் சத்தம் கேட்டுத் திரும்புவதற்குள் ஆளையே காணவில்லை என்றும், கொசு என்று சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்றும் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்பும்போது கொசு கோப்பையும் கையுமாக எங்களுக்கு முன்னால் துள்ளிக்கொண்டு போனாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இனி அவள் பெயரிலேயே கூப்பிடுவது என்று முடிவுசெய்து, வாய் நிறையக் கூப்பிட்டேன். மறுபடியும் கூப்பிட்டேன். அவள்பாட்டுக்கு நடந்தாள்.

"அடியே கொசு."

"என்னக்கா?" என்று உடனே திரும்பினாள்.