எழுபத்து நான்கு லிட்டர்

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் நான் உடனே பதில் சொல்வதில்லை. முதலில் அவர்களை உட்கார வைப்பேன். கோலார் தங்கவயலில், நந்திதுர்க் லைன் வீட்டில், பீரோவுக்கும் தண்ணீர் டிரம்முக்கும் நடுவில் ஒரு நாற்காலி கிடக்கிறது. அதில் உட்கார்ந்துகொண்டு, கடலில் விண்ட்சர்ஃபிங் போகிறவர்களுக்கு எந்தப் பலகை வாங்கலாம் என்று போனில் ஆலோசனை சொல்வது என் வேலை.

விண்ட்சர்ஃபிங் என்றால் பெரிய விஷயமில்லை. பலகையின் நடுவில் ஒரு பாய் நட்டிருக்கும். பலகைமேல் நின்று அந்தப் பாயைப் பிடித்துக்கொண்டால் காற்று இழுத்துக்கொண்டு போகும். வீடியோவில் பார்க்க அப்படித்தான் இருக்கிறது. நேரில் எப்படி என்று எனக்குத் தெரியாது. கடலுக்கும் எனக்குமான உறவு, கல்யாணமான புதிதில் மெரினாவில் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு நின்ற கால் மணி நேரம்தான். அப்போதும் செருப்பு ஒன்று போய்விட்டது.

பெங்களூரில் நான் வேலை பார்த்த கம்பெனியை மூடியபோது இது கிடைத்தது. கடையின் பெயர் நீலக்கரை, இருப்பது சென்னையில். முதலாளி சிவகுமாருக்குத் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் பேசும் ஆள் வேண்டியிருந்தது. "உங்க குரல்ல ஒரு கான்ஃபிடன்ஸ் இருக்கு பரணி" என்று சொல்லி, ஒன்பது பக்கத்தில் ஒரு பட்டியலை அனுப்பி வைத்தார். என் பயிற்சி அவ்வளவுதான். ஒவ்வொரு பலகைக்கும் ஒரு லிட்டர் கணக்கு உண்டு. அந்தப் பலகை எவ்வளவு கனத்தை மிதக்க வைக்கும் என்பதை அது சொல்கிறது. நான் முதல் இரண்டு பக்கத்தைப் படித்துவிட்டுப் போனை எடுக்கத் தொடங்கிவிட்டேன்.

முதல் வாரமே ஒருவர் கேட்டார். "சார், நீங்க எதுல போறீங்க?"

போவதில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் வேலை போயிருக்குமோ என்னமோ, மானம் மிச்சமாகியிருக்கும். பட்டியலின் முதல் வரியில் என் விரல் இருந்தது. "எழுபத்தி நாலு லிட்டர் சார்" என்றேன். அன்றிலிருந்து நான் எழுபத்து நான்கு லிட்டர்காரன். மாதங்கள் போகப் போக அதற்குக் கோவாவும் அலைகளும் சேர்ந்தன. முதலில் ஐந்தடி அலை. தீபாவளி சமயத்தில் பன்னிரண்டடி. நீலக்கரையின் வெப்சைட்டில் என் போட்டோவுக்குக் கீழே 'பத்து வருடக் கடல் அனுபவம்' என்று போட்டார்கள். என் மனைவி மமதா அதைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லயே, என்னைக் கட்டிக்கினு எப்பங்க போய்ட்டு வந்தீங்க?" என்றாள். அவள் காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் இருட்டியபின் வருகிறவள். அதற்குமேல் விசாரிக்க அவளுக்கு நேரமில்லை.

பக்கத்து வீட்டுக் காத்தவராயன் மாமாவுக்கு நேரம் இருந்தது. சுரங்கத்தில் ஆட்களைக் கொண்டுபோகும் கேஜ் என்ற லிஃப்டை இறக்கி ஏற்றின மனிதர், இப்போது பென்ஷன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரைவரை போகாது. நான் போனில் பேசுவது முழுக்க அவருக்குக் கேட்கும். டீக்கடையில் நான் போய் நின்றாலே, "கடல்காரருக்கு சக்கரை கம்மியா போடுப்பா" என்பார். கேலி செய்கிறார் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. மனிதர் நிஜமாகவே நம்பிவிட்டார்.

ஜூலையில் ரெபேக்கா டீச்சர் பேசினார். மணப்பாடு கடற்கரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். இரண்டு வருடமாகப் பெரிய பலகையில் கற்றுக்கொண்டு, இனி அலைமேல் திருப்பி ஓட்டுகிற சின்ன ரகத்துக்குப் போக ஆசைப்பட்டார். அதை வேவ் போர்டு என்பார்கள்.

"ஆனா சார், நான் போற நேரம் காத்து லேசாத்தான் இருக்கும். அதுக்கு ஏத்த மாதிரி வேணும்."

"லேசுன்னா இன்னா லேசு மேடம்?"

என் 'இன்னா'வைப் பிடித்துக்கொண்டார். "சார், நீங்க கோலாரா?"

"நந்திதுர்க்."

"நானும் தங்கவயல்தான், மைசூர் மைன்ஸ் சார். கட்டிக் குடுத்து இங்க வந்து இருபது வருஷமாச்சு. அம்மா இன்னும் அங்கதான் கீறாங்க." குரலே மாறிவிட்டது. "நல்லதாப் போச்சு. கடைக்காரங்க சொல்றத நம்பறதா வேணாமான்னு பயந்துகினு இருந்தேன். நம்ம ஊராளு பொய் சொல்ல மாட்டாரு."

இந்த நம்பிக்கைக்கு எந்த ஆதாரமும் கிடையாது. ஆனால் அதை மறுத்துப் பேசுகிற இடத்தில் நான் இல்லை.

"பன்னெண்டு, பதிமூணு நாட் வரும் சார்" என்றார். நாட் என்பது காற்றின் வேகக் கணக்கு என்பதுவரை தெரியும். பன்னிரண்டு என்றால் எவ்வளவு என்று தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "அத வுடுங்க மேடம். நம்ம ஊர்க் கணக்குல சொல்லுங்க. டம்ப் கிளம்பற காத்தா?"

டம்ப் என்றால், சுரங்கத்தில் தங்கத்தை எடுத்துவிட்டு அரைத்த கல்மாவைக் கொட்டிவைத்த மேடு. ஊரைச் சுற்றி மலை மலையாக நிற்கிறது. காற்றடித்தால் அந்தத் தூள் கிளம்பி வீட்டுக்குள் வந்துவிடும். எங்களுக்குக் காற்று இரண்டே வகை: டம்ப் கிளம்பாத காற்று, டம்ப் கிளம்பும் காற்று. இரண்டாவது வந்தால் ஜன்னலைச் சாத்துவோம், கொடியில் காய்கிற துணியை உருவிக்கொண்டு ஓடுவோம், சோற்றுப் பானையை மூடுவோம். அதற்குமேல் ஒரு காற்று உலகத்தில் உண்டென்று எங்களில் யாரும் யோசித்ததில்லை.

டீச்சர் சிரித்தார். "மத்தியானத்துக்கு மேல நல்லாவே கிளம்பும் சார்."

"அப்போ அது இன்னா மேடம் லேசு? பெருங்காத்து. பயப்படாம எழுபத்தி நாலு எடுங்க. நானே அதுலதான் போறேன்."

"இங்க ஒருத்தர் தொண்ணூறுக்கு மேல வேணும்னாரு."

"அவரு உங்களுக்குக் கட்டில விக்கப் பாக்கறாரு."

அதற்கும் சிரித்தார். பலகை மணப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆர்டர் படிவத்தில் 'எடை' என்று ஒரு கட்டம் இருந்தது. ஒரு பொம்பளையிடம் போய் உங்கள் எடை என்ன என்று எப்படிக் கேட்பது? குரலை வைத்து ஐம்பத்தைந்து என்று நானே போட்டிருந்தேன்.

நவம்பரில் அவரிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. போர்டுல குறை இல்ல. என்கிட்டதான் குறை. காத்து கொஞ்சம் குறைஞ்சா போதும், நின்னாப்பல உள்ள போகுது. முதல்ல முட்டி, அப்புறம் இடுப்பு. கரையில பசங்க 'டீச்சர் சப்மரீன்'ன்னு கத்தறாங்க. நாலு மாசமா பாத்துட்டேன். நாப்பத்திரெண்டு வயசுல இந்த உடம்ப வச்சிகினு எனக்கு இது வேணாத ஆசையோன்னு தோணுது. நீங்க அதே போர்டுல போறீங்க, அப்ப எனக்குத்தான் நிக்கத் தெரியல. கிறிஸ்மஸுக்கு ஊருக்கு வரேன். ஒரே ஒரு தடவ எப்படி நிக்கணும்னு காட்டுவீங்களா? அப்பவும் வரலன்னா வுட்டுடறேன் சார். யாருக்கும் தொந்தரவு இல்ல."

பட்டியலை எடுத்து முதல் தடவையாக ஒன்பதாம் பக்கத்தைப் படித்தேன். லேசான காற்று, பன்னிரண்டிலிருந்து பதினைந்து நாட். அதற்கு வேவ் போர்டு எடுத்தால், ஓட்டுகிறவர் எடைக்கு மேல் இருபது லிட்டர் இருக்க வேண்டும். அகலம் கூடுதலாக, அடிப்பக்கம் வளைவு குறைவாக. அவ்வளவு தெளிவாக, தடித்த எழுத்தில். நாங்கள் ஜன்னல் சாத்துகிற காற்று கடலில் குழந்தைக் காற்று.

அந்தச் செய்தியை ஆறு தடவை கேட்டேன். அன்றே கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் அனுப்பியது ஒரு கட்டைவிரல். மஞ்சள் கலர் கட்டைவிரல்.

கிறிஸ்மஸ் முடிந்த சனிக்கிழமை காலையில் டீச்சர் வந்துவிட்டார். வழிகாட்டிக் கூட்டி வந்தது காத்தவராயன் மாமா. உள்ளே வந்து அவரும் உட்கார்ந்துகொண்டார். டீச்சர் நல்ல உயரம், தோள்கள் அகலம், வெயிலில் காய்ந்த முகம். ஐம்பத்தைந்து கிலோ என்று நான் எழுதியது நினைவுக்கு வந்து, தண்ணீர் டிரம்மைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா செய்தது என்று, கிறிஸ்மஸ் பலகாரமான கல்கல் ஒரு டப்பா நிறையக் கொடுத்தார்.

"உங்களுக்குத் தொந்தரவு குடுக்கறேன் சார்."

"இன்னா தொந்தரவு?" என்றார் மாமா. "இவரு பன்னெண்டடி அலையில போறவரு. நான் இந்தக் காதால கேட்டுகினு கீறேன்."

காட்டாமல் தப்பிக்க முடியவில்லை. டீச்சர் வாசலுக்குப் போய், சாக்பீஸால் பலகையின் உருவத்தை அதன் அளவுக்கே வரைந்தார். பாய் நடுகிற இடத்தில் ஒரு புள்ளி. மாமா விளக்குமாறைக் கொண்டுவந்து, பாய்க்குப் பதிலாக என் கையில் கொடுத்தார். எதிர் வீட்டிலிருந்து இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

நான் ஏறினேன். வீடியோவில் பார்த்ததை நினைத்து இரண்டு காலையும் சேர்த்து வைத்து, விளக்குமாறை உயர்த்தினேன்.

டீச்சர் கொஞ்ச நேரம் பார்த்தார். "சார், காத்து எந்தப் பக்கத்துலேந்து வருது?"

கையைக் காட்டினேன்.

"அப்போ நீங்க பாய்க்கு எதிர்ப்பக்கம் நிக்கறீங்க. காத்து பாய உங்க மேலயே தள்ளுமே."

"அது அவரு ஸ்டைலு" என்றார் மாமா.

டீச்சர் சிரித்திருந்தால் தப்பித்திருப்பேன். அவர் சிரிக்கவில்லை. புருவத்தைச் சுருக்கி என் கால்களைக் கவனமாகப் பார்த்தார். "இது அலையில மட்டும் பண்றதா சார்? நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. ஒரு நிமிஷம் அப்படியே இருங்க" என்று போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தார். அதைக் கொண்டுபோய்க் கடலில் அப்படியே நின்று பார்க்கப் போகிறார். முடியாவிட்டால் அதற்கும் தன்னையே குறை சொல்லிக்கொள்வார்.

"ஆஃப் பண்ணுங்க மேடம்" என்றேன். "நான் போனதில்ல."

"எங்க சார்?"

"கடல்ல. எதுலயும் போனதில்ல. எனக்கு நீச்சலே தெரியாது."

அவர் போனைத் தாழ்த்தினார். மாமாதான் முதலில் பேசினார். "கோவாவுல போனியே?"

"இல்ல மாமா."

"அந்தப் பன்னெண்டடி?"

"இல்ல மாமா."

"அஞ்சடியாவது?"

விளக்குமாறை இறக்கினேன். டீக்கடையில் என்னைப் பற்றித் தான் இத்தனை நாள் சொன்னதையெல்லாம் அவர் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. வேட்டியைத் தட்டிவிட்டுத் தன் வீட்டுக்குப் போனார். கதவைச் சாத்தவில்லை.

நான் சாக்பீஸ் கோட்டுக்குள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்பதாம் பக்கத்தைச் சொன்னேன். டம்ப் காற்றைச் சொன்னேன். பிறகு, ஜூலையில் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்.

"எழுபத்தாறு" என்றார், தரையைப் பார்த்து.

"அப்ப உங்களுக்குத் தொண்ணூத்தாறு வேணும் மேடம். எழுபத்தி நாலுல, காத்து நின்னா நீங்க மட்டுமில்ல, உங்க எடையுள்ள யாரா இருந்தாலும் முழுகத்தான் செய்வாங்க. தொண்ணூறுக்கு மேலன்னு சொன்னாரே, அவருதான் சரி."

டீச்சர் படியில் உட்கார்ந்தார். "எனக்கு நிக்கத் தெரியும்."

"தெரியும் மேடம்."

"நாலு மாசமா ராத்திரி சாப்பாட்ட வுட்டுட்டேன் சார். எங்கம்மா பொண்ணுக்கு இன்னாமோ நோவுன்னு நெனச்சிகினு கீறாங்க." கோபமே இல்லாமல் சொன்னார். "நம்ம ஊருக்காரர் ஒருத்தர் இதுல பெரிய ஆளுன்னு ஸ்டாஃப் ரூம்ல எல்லார்கிட்டயும் சொல்லிகினு இருந்தேன்."

அவர் ஒரு அறை விட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அவர் முன்னாலேயே சிவகுமாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். பலகையை மாற்றித் தொண்ணூற்றாறு லிட்டர் கொடுக்க வேண்டும் என்றேன்.

"நாலு மாசம் ஓட்டிட்டாங்களே பரணி. அவங்களுக்கு ஓட்டத் தெரியலன்னு எழுதி முடிச்சிடுங்க."

"அவங்களுக்குத் தெரியும் சார். எனக்குத்தான் தெரியாது. நான் தப்பாச் சொல்லி வித்தது."

"அப்படி எழுதினா உங்க பேர்லதான் வரும்."

"வரட்டும் சார். அப்புறம் என் போட்டோவுக்குக் கீழ பத்து வருஷ அனுபவம்னு கீதே, அதையும் எடுத்துடுங்க."

"நீங்க சொல்லித்தானே போட்டோம்?"

"ஆமா சார். பொய் சொன்னேன்."

"தொண்ணூத்தாறு அனுப்பிடறேன். உங்க விஷயத்த திங்கக்கெழம பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

டீச்சர் எழுந்து பையை மாட்டிக்கொண்டார். கிளம்பிவிடுவார் என்று நானும் விளக்குமாறைக் கீழே வைக்கப் போனேன்.

"ஏன் சார், தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் உங்களுக்குச் சொல்லிக் குடுத்திருப்பேனே. ரெண்டு பேருமா பாத்து நல்ல போர்டா எடுத்திருக்கலாம்."

பையைக் கழற்றித் திரும்பவும் படியில் வைத்தார்.

"ஏறுங்க."

"மேடம்?"

"ஏறுங்க சார்." விளையாட்டு டீச்சர் குரல். என் முன்காலைத் தன் காலால் தள்ளிப் புள்ளிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். பின்காலை ஓரத்துக்கு இழுத்தார். விளக்குமாறை என் மார்புக்கு எதிரே கொண்டுவந்து பிடிக்க வைத்தார். "முட்டிய மடக்குங்க. இன்னும். கைய நீட்டுங்க. இடுப்பு உள்ள. இப்ப கொஞ்சம் பின்னால சாயுங்க. திங்கக்கெழம உங்க மொதலாளி கேட்டா, நிக்கவாவது தெரியும்னு சொல்லலாம்."

எதிர் வீட்டுப் பெண்கள் இப்போது நான்கு பேராகியிருந்தார்கள். அப்படியே நின்றேன். தொடை நடுங்கத் தொடங்கியது. காத்தவராயன் மாமா தன் வாசலுக்கு வந்து, என்னைப் பார்க்காமல் டீச்சரிடம் மட்டும், "டீ சாப்புடறியாம்மா?" என்று கேட்டார். "சாப்புடறேன்" என்று அவர் படியில் உட்கார்ந்து, மெதுவாகக் குடித்தார். எனக்கு வியர்த்துக் கண்ணில் இறங்கியது.

"இறங்கலாமா மேடம்?"

டம்ளரைக் கீழே வைக்காமலேயே என் கால்களைப் பார்த்தார்.

"கரை இன்னும் வரல" என்றார்.