வுடு என்றது நான்

பந்து இன்னும் மேலேயேதான் இருக்கிறது, கண்ணூரில் மழை விட்ட நாலரை மணி வானத்தில், தண்ணீர் குடித்துக் கனத்துப்போன பந்து, அது கீழே வர இரண்டு விநாடிகூட ஆகியிருக்காது, எனக்கோ முப்பத்திரண்டு வருடங்களாக இறங்கிக்கொண்டேயிருக்கிறது, மூங்கில் கேலரியில் அத்தனை பேரும் எழுந்து நிற்கிறார்கள், அகில இந்தியக் கோப்பையின் இறுதியாட்டம், எங்கள் சென்னை ஆபீஸ் அணிக்கும் கோவா அணிக்கும், முடிய ஏழே நிமிடம், இரண்டு பக்கமும் கோல் இல்லை, எனக்குப் பின்னால் எட்டடி தள்ளி கிளீட்டஸ் நிற்கிறான், பந்து அவன் நெற்றியைத் தேடித்தான் வருகிறது, ஒரு முட்டு முட்டினால் பாதி மைதானம் தாண்டிப் போய் விழும், அப்படி எத்தனையோ பந்துகளை அவன் அனுப்பி நான் பார்த்திருக்கிறேன், இருந்தும் நான் திரும்பி ஓடி வருகிறேன், ஓடிக்கொண்டே கத்துகிறேன், வுடு.

அந்தப் பந்து எனக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான், வேறு காரணம் எதுவும் இல்லை, பின்னாளில் எத்தனையோ காரணங்களை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன், வெளிச்சம் மங்கியிருந்தது, கோல் காக்கிற கோலி வெளியே வருவதுபோல் தெரிந்தது, எல்லாம் பொய், கேலரியின் முன்வரிசையில் மடக்கிய குடையை மடிமேல் வைத்துக்கொண்டு கல்கத்தாவின் பெரிய கிளப் ஒன்றிலிருந்து வந்த மனிதர் உட்கார்ந்திருந்தார், அவர்களுக்கு அந்த வருடம் ஒரு தடுப்பாட்டக்காரன் தேவை, எங்கள் இருவரில் ஒருவனைக் கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறார் என்று காலையிலேயே ஓட்டலில் பேச்சு, ஆப்பத்தைப் பிய்த்தபடி கிளீட்டஸ் சிரிக்கிறான், ஒன்ன எடுத்தாலும் சரி, என்ன எடுத்தாலும் சரி, மத்தவனுக்கு ஒரு டின்னு ரசகுல்லா வரணும், கேட்டியா மக்கா, நானும் சிரிக்கிறேன், ஆனால் என் வயிற்றுக்குள் அந்தச் சிரிப்பு இறங்கவில்லை, அவன் முட்டி அனுப்பினால் அது அவன் பந்து, நான் ஓடிவந்து எடுத்தால் குடைக்காரர் என்னைப் பார்ப்பார், இவ்வளவையும் ஒரு பந்து இறங்குவதற்குள் ஒரு மனிதன் நினைக்க முடியுமா என்றால், முடிகிறது.

நான் வியாசர்பாடி, அவன் கொல்லங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர், ஆபீஸ் அணிக்கு ஆள் எடுத்தபோது ஒரே நாளில் தேர்வானோம், நான் ஸ்டாப்பர், எதிரணியின் முன்கள ஆளை முதலில் மடக்குகிறவன், அவன் எனக்குப் பின்னால் ஸ்வீப்பர், என்னைத் தாண்டி வருவதையெல்லாம் பெருக்கித் தள்ளுகிறவன், பெரம்பூரில் ஒரே அறையில் ஆறு வருடம், ஞாயிற்றுக்கிழமைகளில் நெத்திலி வாங்கிவந்து தேங்காய் அரைத்து அவன் வைக்கிற குழம்பின் வாசனைக்கு மாடி வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்துவார்கள், எனக்கு இடது கால் சுமார் என்பது அவனுக்கு மட்டும் தெரியும், அதனால் எப்போதும் என் இடப்பக்கம் அரையடி ஒதுங்கியே நிற்பான், எங்கள் ஆட்டத்துக்கு இருந்தது ஒரே ஒரு சட்டம், நான் கத்துவேன், அவன் கேட்பான், பின்னால் நிற்பவனுக்குத்தான் ஆட்டம் முழுதும் தெரியும், அவன்தான் கத்த வேண்டும், அதுதான் முறை, ஆனால் கிளீட்டஸ் வாய் திறக்காதவன், ஆகவே கத்துகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன், ஆறு வருடத்தில் வுடு என்று நான் சொன்ன ஒரு பந்தைக்கூட அவன் தொட்டதில்லை, ஏன் என்று கேட்டதுமில்லை.

அன்றைக்கும் தொடவில்லை, எம்ப எடுத்த காலை அப்படியே தரையில் வைத்தான், கையைத் தொங்கவிட்டான், நான் வந்து சேர்ந்தேன், பந்து எனக்கு முன்னால் ஈரப் புல்லில் விழுந்து, எழும்பாமல், வழுக்கி, என் இடது கால் எட்டாத தூரத்தில் தாண்டிப் போயிற்று, கோவாவின் ஒன்பதாம் நம்பர், ஒல்லியான பையன், அவனுக்கே நம்பிக்கையில்லாமல் ஓடிவந்தவன், காலை நீட்டினான், வலை அசைந்தது, பெரிய சத்தம்கூட இல்லை. உடைமாற்றும் அறையில் ஈர ஜெர்சிகளின் நாற்றம், கோச் ரகோத்தமன் சார் கதவைச் சாத்திவிட்டுக் கேட்கிறார், இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார், அந்த பாலை ஏன்டா விட்டீங்க, யார்ரா விடச் சொன்னது, கோலி உடனே, நான் கத்தல சார், சத்தியமா நான் கத்தல, என்கிறான், கிளீட்டஸ் என்னைப் பார்க்கிறான், குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை, பந்தை எனக்குத் தள்ளிவிட்டு நான் எடுக்கட்டும் என்று காத்திருக்கிற பார்வை, மைதானத்தில் நாள்தோறும் பார்ப்பதுதான், நான் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தேன், முடிச்சு நனைந்து இறுகியிருந்தது, நல்லதாகப் போயிற்று, அவிழ்க்க நேரம் பிடித்தது, நிமிர்ந்தபோது சார் கிளீட்டஸின் முன்னால் நின்றுகொண்டிருந்தார், நின்னுக்கிட்டே தூங்குனியாடா, என்று அவர் கேட்டது மெல்லிய குரலில்தான், அது அறை முழுக்கக் கேட்டது.

மறுநாள் பேப்பரில் படம், கிளீட்டஸ் கையைத் தொங்கவிட்டு நிற்கிறான், பந்து அவனைத் தாண்டிப் போகிறது, வேடிக்கை பார்த்த தடுப்பாளர் என்று கீழே எழுதியிருந்தார்கள், நான் அந்தப் படத்தில் இல்லை, ஓரத்தில் ஒரு முழங்கை தெரிகிறது, அது என்னுடையது என்று எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும், ரயில் சென்னைக்கு வந்து சேர்வதற்குள் அவனுக்குச் சிலை என்று பெயர் வைத்துவிட்டார்கள், டேய் சிலை, டீ குடிக்கிறியா, அவன் டீ வாங்கிக் குடிக்கிறான், பாலக்காட்டில் வண்டி நின்றபோது நான் சொல்லியிருக்கலாம், ஈரோட்டில் சொல்லியிருக்கலாம், காட்பாடியில் பொழுது விடிந்தது, எல்லாரும் எழுந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார்கள், அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம், ஒரு வாக்கியம்தான், அடுத்த வாரம் குடைக்காரரின் கடிதம் எனக்கு வந்தது, அதற்கு மேல் அந்த வாக்கியத்துக்குள் கல்கத்தாவும் வந்து உட்கார்ந்துகொண்டது, சொன்னால் அதுவும் போகும். ஏப்ரலில் ஆபீஸில் வேலை நிரந்தரமானவர்களின் பட்டியல் ஒட்டினார்கள், கிளீட்டஸின் பெயர் இல்லை, அவன் பெட்டியைக் கட்டியபோது நான் அறையில்தான் இருந்தேன், இன்னாடா பண்ணப்போற, என்று கேட்டேன், இப்படிக் கேட்க எனக்கு எப்படி வாய் வந்தது, அவன் பெட்டியின் மூடியை முழங்காலால் அழுத்தியபடி, மாமாவுக்க போட்டு கொச்சி ஹார்பர்ல கெடக்கு, சுறா பிடிக்கப் போவேன், என்றான், பிறகு கொஞ்ச நேரம் நின்றான், நான் ஏதோ சொல்வேன் என்று நின்றிருக்கிறான், நான் அவனுக்கு ஆட்டோ கூப்பிடப் போனேன்.

கல்கத்தாவில் நாலு பருவம் ஆடினேன், இந்திய அணிப் பயிற்சி முகாமுக்கு இரண்டு முறை கூப்பிட்டார்கள், எங்கள் கிளப்புக்கு ஒரு லட்சம் பேர் கத்துவார்கள், எனக்கு அது பழகிவிட்டது, பழகாமல் போனது ஒன்றுதான், பந்து உயரே எழும்பும்போதெல்லாம் என் வாய் தானாக மூடிக்கொண்டது, வுடு என்றோ எடு என்றோ ஒரு சொல் வரவில்லை, பின்னால் ஒரு சர்தார்ஜி நின்றார், நல்ல ஆட்டக்காரர், ஒரு நாள் தோளில் கைபோட்டு, கொஞ்சம் சத்தம் கொடு தம்பி, எனக்கு உன் மனசு தெரியாதே, என்று இந்தியில் சொன்னார், அங்கே ஒரு பத்திரிகை என்னை அமைதியான தடுப்பாட்டக்காரன் என்று பாராட்டி எழுதியது, நான் அதைக் கத்தரித்து வைத்தேன், பிறகு கிழித்துப் போட்டேன். கிளீட்டஸின் கல்யாணப் பத்திரிகை கிளப் முகவரிக்கு வந்தது, மேலே பென்சிலால், வா மக்கா, என்று இரண்டே சொல், அன்றைக்கு மேட்ச் இருக்கிறது என்று தந்தி அடித்தேன், அன்றைக்கு மழை பெய்து மேட்ச் நடக்கவில்லை, ஹாஸ்டல் ஜன்னலில் உட்கார்ந்து மைதானத்தில் தண்ணீர் தேங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அந்த நேரத்தில் அவன் ஊர் மாதா கோயிலில் மணி அடித்திருக்கும், பிறகு என் இடது முழங்கால் போயிற்று, குருத்தெலும்பை எடுத்தார்கள், பழைய ஆபீஸுக்கே திரும்பி வந்து மேசையில் உட்கார்ந்தேன், கல்கத்தாவில் ஆடியவர் என்று பதவி உயர்வும் கிடைத்தது, கனவில் மட்டும் அவன் என் இடப்பக்கம் அரையடி ஒதுங்கி நின்றான், அல்லது அது கனவில்லை, பெரம்பூர் அறையில் அவன் உறங்கிக்கொண்டிருக்கிறான், நான் எழுப்பிச் சொல்லப் போகிறேன், கையை நீட்டுகிறேன், அங்கே பாய் மட்டும் இருக்கிறது.

போன பிப்ரவரியில் பழைய ஆட்டக்காரர்களுக்குப் பாராட்டு விழா என்று அழைப்பு வந்தது, பெரம்பூரில் ஒரு பள்ளிக்கூட மண்டபம், சாயங்காலம் ஐந்து மணி, எங்கள் அணியில் உயிரோடு இருந்த ஒன்பது பேரையும் கூப்பிட்டிருந்தார்கள், கிளீட்டஸ் வந்திருந்தான், மூன்றாம் வரிசையில், வெள்ளைச் சட்டையில், தூண்டிலின் நைலான் நரம்பு அறுத்த தழும்புகள் இரண்டு கைகளிலும், பக்கத்தில் அவன் மகள் ஜெஸ்லின், சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ், என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான், நானும் ஆட்டினேன். ரகோத்தமன் சாருக்கு எண்பத்திரண்டு வயது, தலைமை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், விழா நடத்திய பையன் ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்துச் சால்வை போட வைத்தான், அடுத்து நம்ம சிலை கிளீட்டஸ் அண்ணன், கண்ணூர்ல நின்ன இடத்துலயே நின்னவரு, அந்தப் பையன் அந்த ஆட்டம் நடந்தபோது பிறந்திருக்கவே மாட்டான், மண்டபம் சிரித்தது, கிளீட்டஸும் சிரித்துக்கொண்டே மேடையேறி வந்தான், அவன் மகள் சிரிக்கவில்லை, பக்கத்தில் இருப்பவரிடம் குனிந்து ஏதோ கேட்டாள், அவர் கையைத் தொங்கவிட்டு நடித்துக் காட்டினார், அவளுக்கு அதுவரை தெரியாது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது, அவன் வீட்டில் யாருக்கும் சொல்லவேயில்லை.

என் முறை வந்தபோது மைக்கைப் பிடித்து நேராகவே சொன்னேன், கண்ணூர்ல அந்தக் கோலு கிளீட்டஸ் தப்பு இல்ல, அவன் எடுத்திருப்பான், வுடுன்னு கத்துனது நான்தான், சார் கேட்டப்ப நான் வாயத் தொறக்கல, அதனாலதான் அவனுக்கு வேல போச்சு, இத்தன வருஷமா நான் சொல்லல. கடைசியில் நடந்துவிட்டது என்று நினைத்தேன், அப்போது பின்வரிசையில் ஒருவர் கைதட்டினார், அது அப்படியே பரவி மண்டபமே தட்டியது, சிலர் எழுந்து நின்று தட்டினார்கள், ரகோத்தமன் சார் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து மைக்கை வாங்கினார், பாத்தீங்களா, இவன்தான் டிஃபெண்டர், இன்னிக்கும் பின்னாடி நிக்கிறவனக் காப்பாத்துறான், அவன் பழிய இவன் தலையில எடுத்துப் போட்டுக்குறான், இந்த மனசு யாருக்கு வரும், என்றார், இல்ல சார், நெஜமாத்தான் சொல்றேன், என்றேன், தெரியும்டா, தெரியும்டா, என்று என் கன்னத்தைத் தட்டினார், விழா நடத்திய பையன் எனக்கு இன்னொரு சால்வை போடச் சொன்னான், போட்டார்கள்.

வெளியே, மதில் ஓரமாக, காகிதக் கோப்பையில் டீயோடு கிளீட்டஸ் நின்றிருந்தான், நான் போய்ப் பக்கத்தில் நின்றேன், நல்லா கைதட்டுனானுவ, என்றான், கேலி இல்லை, கோபமும் இல்லை, பார்த்ததைச் சொன்னான், அவங்க நம்பல கிளீட்டஸ், என்றேன், பின்ன எப்படி நம்புவானுவ, இப்ப நீ செல்லியதுக்கு ஒனக்கு என்ன நட்டம், அவன் டீயை ஒரு மிடறு குடித்தான், ரெண்டு வருசம் பாத்தேன் லே, நீ ஒரு லெட்டர் போடுவியான்னு, கடல்ல இருந்து கரைக்கு வரும்பம் எல்லாம் வீட்டுல கேப்பேன், லெட்டர் வந்துதான்னு, பொறவு கேக்கியத விட்டுட்டேன், என்றான், நீயாவது அன்னிக்கே சொல்லியிருக்கலாமேடா, என்று நான் கேட்டுவிட்டேன், கேட்ட பிறகுதான் அது எவ்வளவு அசிங்கமான கேள்வி என்று தெரிந்தது, அவன் அமைதியாகவே பதில் சொன்னான், நான் செல்லியிருந்தா ஒன்னக் காட்டிக்குடுத்தவன் ஆயிருப்பேன், செல்ல வேண்டியது நீ. பிறகு மண்டபத்து வாசலைக் காட்டினான், அவன் மகள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள், மேடையில செல்லியது ஒனக்கு, இனி எனக்க மவகிட்ட போய்ச் செல்லு, மைக் இல்லாம.

சொன்னேன், மதிலுக்கும் வேப்பமரத்துக்கும் நடுவில் நின்று, குடைக்காரரைப் பற்றி, பூட்ஸ் முடிச்சைப் பற்றி, பாலக்காடு, ஈரோடு, காட்பாடி, ஆட்டோ, தந்தி, நடக்காத மேட்ச், ஒன்றையும் விடவில்லை, அவள் நோயாளி சொல்வதைக் கேட்கிற மாதிரி குறுக்கே பேசாமல் கேட்டாள், முடித்ததும், அப்போ ஏன் அங்கிள் சொல்லல்ல, என்றாள், கல்கத்தாவுக்குப் போவணும்னு இருந்திச்சும்மா, என்றேன், அதற்கு மேல் அழகாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அவள் கொஞ்ச நேரம் என் தோளில் கிடந்த இரண்டு சால்வைகளையும் பார்த்தாள், உள்ள யாரும் நம்பல்ல, நான் நம்புறேன் அங்கிள், என்றாள். என்னைத் திட்டியவர்கள் உண்டு, கல்கத்தாவில் கல்லெறிந்தவர்கள் உண்டு, அந்தப் பெண் சொன்ன நம்புறேன் போல எதுவும் என் மேல் விழுந்ததில்லை. வாங்கப்பா, பஸ்ஸுக்கு நேரமாச்சு, என்று அவள் அப்பாவின் பையை வாங்கிக்கொண்டாள், கிளீட்டஸ் என்னைத் தாண்டிப் போகும்போது நின்றான், என் முகத்தைப் பார்த்தான், பிறகு மகளோடு சாலையைக் கடந்தான், நான் மதிலருகிலேயே நின்றிருந்தேன், அவர்கள் ஏறிய பஸ் கிளம்பிப் போயிற்று.