ஜேலனுக்கு நான் குடுத்த கேரண்டி

ஜேலன் என்னைத் திட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். திட்டல, அதான் எனக்கு எதுவுமே ஓட மாட்டேங்குது.

இருங்க, மொதல்லேர்ந்து சொல்றேன். அமெரிக்காவுல, டெக்சாஸ்ல கேட்டிங்கிற ஊர்ல எங்க வீடு. எங்க தெருவுல பாதிக்கு மேல தமிழ், தெலுங்குதான். எங்க பக்கத்து வீடு மட்டும் ஒரு ப்ளாக் ஃபேமிலி. ஜேலனும் அவன் அப்பா வெர்னன் அங்கிளும். ஜேலனும் நானும் எலிமெண்டரி ஸ்கூல்லேர்ந்து ஒண்ணா சுத்துறவங்க. எங்கம்மா வைக்கிற ரசத்தை டம்ளர்ல வாங்கிக் குடிப்பான், அப்படி ஒரு ஆளு.

வெர்னன் அங்கிள் டெக்சாஸ்லயே பியூமாண்ட் பக்கம் ஒரு சின்ன ஊர்ல வளர்ந்தவர். அவர்கிட்ட எல்லாத்துக்கும் ஒரு ரூல் இருக்கும். கடையில கையை பாக்கெட்டுக்குள்ள விடாத. தெருவுல ஓடாத. போலீஸ் காரை நிறுத்தினா ரெண்டு கையும் ஸ்டியரிங் மேல. ஜேலனுக்கு செம கடுப்பாகும். அப்பா, அதெல்லாம் உங்க காலம், நான் இந்தத் தெருவுலதான் சைக்கிளே கத்துக்கிட்டேன்னு சண்டை போடுவான். நான் எப்பவும் ஜேலன் கட்சி. ரொம்ப டென்ஷன் ஆகாதீங்க அங்கிள்னு நானே சொல்லிருக்கேன். அவர் சிரிச்சுட்டு உள்ள போயிடுவார்.

இந்த தீபாவளிக்கு அம்மா முறுக்கு, அதிரசம் போட்டு தெருவுக்கே டப்பா கட்டிட்டாங்க. ஆள் இல்லாத வீட்டுல வாசல்ல வச்சுட்டு வந்துடணும். அந்த சைடு நீ, இந்த சைடு நான், யார் ஃபர்ஸ்ட்னு பாப்போம்னு ஜேலன்கிட்ட பெட் கட்டினேன். கேரேஜ்ல நின்ன வெர்னன் அங்கிள், வெண்பா, ரெண்டு பேரும் சேர்ந்தே போங்களேன்னு என்கிட்ட சொன்னார். முறுக்கு குடுக்கப் போறேன்ப்பான்னு ஜேலன் சிரிச்சான். நானும்தான் சிரிச்சேன்.

பாதி தெரு கூட முடிக்கல. எங்க தமிழ் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வீடியோ வந்துச்சு. வெங்கடாசலம் அங்கிள் வீட்டு டோர்பெல் கேமரா. அவர் நியூ ஜெர்சி பிளெய்ன்ஸ்பரோலேர்ந்து இங்க வந்து ஒரு வருஷம் ஆச்சு. ஹூடி போட்ட ஒருத்தன் அவர் வாசல்ல குனியறான். கீழ, "யாரோ தெரியாத ஆள் வீடு வீடா போறான். கதவைப் பூட்டிக்கோங்க. போலீஸைக் கூப்பிடலாமா?"

நடந்துக்கிட்டே டைப் பண்ணேன்.

"அங்கிள், அது ஜேலன், என் ஃப்ரெண்ட். ரொம்ப நல்ல பையன். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறான். தண்ணி, சிகரெட் எதுவும் கிடையாது. அவனுக்கு நான் கேரண்டி."

மாப்பிள்ளைக்கு பயோடேட்டா அனுப்புற மாதிரி இருக்குல்ல? அப்போ தோணல. தம்ஸ்அப்பா கொட்டுச்சு. ஓ நம்ம பையனா, ஓகே ஓகே, அதிரசம் சூப்பர்னு வெங்கடாசலம் அங்கிளும் போட்டார். எனக்கு ஒரே பெருமை. நேரா கேரேஜுக்கு ஓடி, ஜேலனையும் கூப்பிட்டு, நான் எப்படி சமாளிச்சேன் பாருங்கன்னு ரெண்டு பேருக்கும் இங்கிலீஷ்ல படிச்சே காட்டினேன்.

ஜேலன் வீடியோவை மட்டும் திரும்பத் திரும்பப் பாத்தான். வெர்னன் அங்கிள் என் மெசேஜை இன்னொரு வாட்டி படிக்கச் சொன்னார். அப்புறம் மெதுவா ஒரு விஷயம் சொன்னார். ஜேலன் வயசுல அவர் பெயிண்ட் அடிக்கிற வேலைக்குப் போவாராம். வெள்ளைக்காரங்க தெருவுல போலீஸ் நிறுத்தினா, முதலாளி வெளிய வந்து பேசினாதான் விடுவாங்களாம்.

"இவன் நம்ம பையன், நல்லவன், விட்டுடுங்கன்னு சொல்வார். நானும் அவருக்கு தாங்க்யூ சொல்வேன்," அப்படின்னார். "நீயும் நல்ல மனசோடதான் செஞ்சிருக்கம்மா. தாங்க்யூ."

நான் செத்துட்டேன்.

பாத்தியா, நான் சொன்னேன்லன்னு அவர் ஜேலன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. இத்தனை வருஷமா அப்பாகூட போட்ட சண்டையில ஜேலன் தோத்துட்டான். தோக்கடிச்சது நான். ஜெயிச்ச அப்பா மூஞ்சியைப் பாக்கவே முடியல. மிச்ச டப்பாவை என் கையில வச்சுட்டு, நீயே குடுத்துடுன்னு ஜேலன் உள்ள போயிட்டான்.

அழுதுக்கிட்டே வெங்கடாசலம் அங்கிள் வீட்டுக்குப் போனேன். அவரும் பாவம், சங்கடமாத்தான் நின்னார். என் சார்பா அந்தப் பையன்கிட்ட சாரி சொல்லிடும்மான்னார்.

"நான் சொல்ல மாட்டேன் அங்கிள். அதோ எதிர்ல தெரியுது பாருங்க, அதான் அவங்க வீடு. நீங்களே வாங்க."

வேட்டில இருக்கேனேம்மான்னு இழுத்தார். தீபாவளிக்கு வேட்டிதான் அங்கிள் கட்டணும்னேன். உள்ள போய் ஒரு டப்பா மைசூர்பாகு எடுத்துட்டு செருப்பை மாட்டினார். ரோட்டைத் தாண்டும்போது, அப்பாடா, எல்லாம் சரியாகிடும்னு நெனச்சேன். சத்தியமா நெனச்சேன்.

ஜேலன்தான் கதவைத் திறந்தான். வெங்கடாசலம் அங்கிள் ரெண்டு கையாலயும் டப்பாவை நீட்டினார்.

"சாரி தம்பி, தெரியாம பண்ணிட்டேன். வெண்பா எல்லாம் சொன்னா, நீ ரொம்ப நல்ல பையனாமே. இனிமே உன்னை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நான் எல்லார்கிட்டயும் சொல்லி வச்சுட்டேன்."

ஜேலன் டப்பாவை வாங்கிக்கிட்டான். என்னைப் பாக்கவே இல்ல.

"தாங்க்யூ சார்," அப்படின்னான்.

எங்க தெருவுல அவன் யாரையும் சார்னு கூப்பிட்டதே இல்ல. எல்லாரும் அவனுக்கு அங்கிள்தான்.