சந்தனத்துக்கு அடியில் ஓர் எழுத்து

எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் பக்தியில் தப்புச் செய்தவன் என்று யாராவது இரக்கப்பட்டுவிடுவீர்கள்.

இலத்தூர் போகிற சாலையில் வல்லிநாயகம் அண்ணாச்சிக்கு ஓர் அட்டைக் கம்பெனி இருந்தது. நோட்டுக்கும் டைரிக்கும் மேலட்டை வெட்டுகிற இடம். எண்பத்தைந்தில் அண்ணாச்சி கோயம்புத்தூரிலிருந்து கம்ப்யூட்டர் வைத்த வெட்டு மிஷின் ஒன்று வாங்கினார். அதைப் பார்த்துக்கொள்ள டிப்ளமா படித்த என்னையும் சேர்த்துக்கொண்டார். மிஷினை ஓட்டியவள், அதற்கு முன் பல வருஷம் கைமிஷினில் வெட்டிக்கொண்டிருந்த பேராச்சி. அடுக்கை வலது கட்டைவிரலால் ஒரு நீவு நீவுவாள். நூறு அட்டை பிரிந்து வரும். எண்ணிப் பார்த்தால் நூறுதான் இருக்கும்.

“கல்யாணராமன் சாருக்கு எதுக்குச் சம்பளம்? கம்ப்யூட்டரு எங்கையிலல்லா இருக்கு” என்று என் காதுபடவே சொல்லுவாள். எனக்கு எரிச்சலாக வரும், சிரிப்பும் வரும்.

கத்திக்கு அடியில் கை இருந்தால் பக்கத்திலுள்ள விளக்குக் கண் பார்த்துவிடும். உடனே உள்ளே இருக்கும் பெரிய சிப்புக்குச் செய்தி போகும். அது கத்தியை நிறுத்தும். பேராச்சி ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை கையை விட்டு எடுத்தது அந்தச் சிப்பை நம்பித்தான்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மூடியைத் திறந்து காட்டச் சொன்னாள். போர்டில் இருந்த பதினொரு சிப்புக்கும் ஒவ்வொன்றாகச் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்தாள்.

“ஒண்ண விட்டாலும் அது கோவிச்சிக்கிடும் சார்.”

மரவட்டை மாதிரி நாற்பது கால் வைத்த பெரிய சிப்புக்குத்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய பொட்டு.

ஜனவரியில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பெரிய சிப் இரண்டு விதமாக வந்திருக்கிறதாம். பழையது சூடேறினால் சில சமயம் ‘நிறுத்து’ என்ற செய்தியைத் தவறவிடுகிறதாம். சிப்பின் முதுகில் வெள்ளை மையில் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டு வருஷம், அடுத்த இரண்டு வாரம். அவற்றை ஒட்டி ஓர் எழுத்து. ‘பி’ என்றால் திருத்தியது. ‘ஏ’ என்றால் மிஷினை அன்றே நிறுத்தி, சிப்பைக் கழற்றி அனுப்ப வேண்டும். மாற்று வர மூன்று வாரம் ஆகும்.

மூடியைத் திறந்தேன். 8432 என்று பளிச்சென்று தெரிந்தது. எழுத்து, காய்ந்த சந்தனத்துக்கு அடியில் இருந்தது. நகத்தைக் கொண்டுபோனேன்.

“ஐயோ சார், பூசைக்கு வச்சதச் சொரண்டாதீய” என்று பேராச்சி பதறிவிட்டாள். “அடுத்த பூசைக்கு நானே தொடச்சிட்டுப் புதுசு வைப்பேன்லா. அதுவரைக்கும் அது இருக்கணும்.”

அண்ணாச்சியும் வாசலில் வந்து நின்றார். “என்ன சாமி, நிறுத்தணும்னு எதுவும் சொல்லிராதேயும். நோட்டு ஆர்டரு கழுத்தப் பிடிக்குது.”

திருத்திய சிப் எண்பத்து நான்கின் முப்பதாவது வாரத்திலிருந்து வருகிறது என்று கடிதத்தில் இருந்தது. இது முப்பத்திரண்டு. அப்படியானால் ‘பி’தான். அதற்கு அடுத்த வரியில், சில வாரம் இரண்டும் கலந்தே வந்திருக்கின்றன, வாரத்தை நம்பாமல் எழுத்தைப் பார்க்கவும் என்றும் இருந்தது. அதையும் நான் படித்தேன். ஈரத் துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான் வேலை. அவள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பாள். அதற்குச் சோம்பல்பட்டு, கடிதத்தோடு வந்த பதில் தாளில் ‘பி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மே மாதம் தகரக் கூரை கொதித்தது. ஒரு பிற்பகல் கத்தி நிற்காமல் இறங்கிவிட்டது. பேராச்சியின் வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

எல்லோரும் அவளை வேனில் தூக்கிக்கொண்டு தென்காசிக்கு ஓடிய பிறகு மூடியைத் திறந்தேன். சந்தனம் ஒரே கீறலில் பெயர்ந்து வந்தது. கீழே ‘ஏ’.

சிப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். எரிந்துவிட்டது என்று தந்தி கொடுத்துப் புதியது வரவழைத்தேன். “மிஷின்ல கோளாறா?” என்று அண்ணாச்சி கேட்டபோது, “இல்லை, கவனப் பிசகு” என்றேன். யார் கவனம் என்று அவர் கேட்கவில்லை.

நான்காம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன், சத்தியமாக. பையில் சிப் இருந்தது. அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

“சார், ஒண்ணு சொல்லுதேன், யாருட்டயும் சொல்லிராதீய. அன்னைக்கு பூசைல நான் வீட்டுக்குத் தூரம். மூணாம் நாளு. மறைச்சிட்டு வந்து பொட்டு வச்சேன். நம்ம மிஷினு, இன்னொருத்தி வைக்கக் கூடாதுன்னு ஒரு ஆங்காரம். அதான் சாமி கைய எடுத்துக்கிட்டு.”

“அப்படியெல்லாம் இல்லை, பேராச்சி” என்றேன்.

“இல்லாம? எத்தன வருசமா வெட்டுதேன், ஒரு கீறல் உண்டா?”

பைக்குள் சிப்பின் கால்கள் என் விரலில் குத்தின. அவளே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டாள். நான் அதை வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். என் வாழ்நாளில் அதைவிடக் கேவலமாக நான் எதையும் வாங்கியதில்லை.

ஐப்பசி பிறக்குமுன் ஆயுத பூஜை வந்தது. பேராச்சிக்கு இப்போது கம்பெனியில் கூட்டுகிற வேலை. விடிந்ததும் குற்றாலத்துக்குப் போய் மெயினருவியில் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு வந்து நின்றாள். சந்தனக் கிண்ணம் இடது கையில் இருந்தது.

“இந்தத் தடவ நாளு பாத்துச் சுத்தமாத்தான் வந்திருக்கேன் சார். தொறங்க. நான் மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன்.”

மூடியைத் திறந்தேன். பெரிய சிப்பின் முதுகில் ‘பி’ வெள்ளையாகத் தெரிந்தது. இனி அவள் இடது கையால்தான் பொட்டு வைக்க வேண்டும், அதுவும் இன்னும் பழகவில்லை. கிண்ணத்தைக் கீழே வைக்கவும் மனமில்லை. அதனால் கிண்ணத்தை நான் வாங்கிப் பிடித்துக்கொண்டேன்.