ஓட்டின் வாசல் எந்தப் பக்கம்

...புதைபடிவ ஓட்டின் முள் நீளம் பதினொரு மைக்ரான், நுனி இரண்டாகப் பிரிகிறது, சரி, அதையும் சரியாகத்தான் எழுதித் தொலைத்திருக்கிறாள், அளவு எடுப்பதில் தங்கச்சியை யாரும் குறை சொல்ல முடியாது. குறை சொல்லத்தானே அக்காக்காரி சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்காமல் மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் புதைத்துக்கொண்டிருக்கிறாள்... காலையில் வந்து தாள்களை மேசையில் வைத்து, "அக்கா, புது இனம்னே எழுதிட்டேன், நீ ஒரு தடவை பாத்துடு, சாயங்காலம் ஜர்னலுக்கு அனுப்பணும்" என்றபோது அந்த முகத்தில்தான் என்ன பூரிப்பு! இருபத்திரண்டு வருஷமாக இந்த ஆய்வுக்கூடத்தில் பாறையை அமிலத்தில் கரைத்து, வடிகட்டி, ஸ்லைடில் ஒட்டி, கண் மங்கிப்போனவள் யார்? அவள் வைத்த பெயரோடு ஓர் இனம் உண்டா உலகத்தில்? இவள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்த சின்னவளுக்கு நாலே வருஷத்தில்... வயிறு எரிகிறது. ஆமாம், எரிகிறது, கூடப் பிறந்தவள் என்றால் எரியக் கூடாதென்று சட்டமா? அதிலும் இந்த ஸ்லைடு இவளுடைய அலமாரியில் கிடந்தது. பதினொரு வருஷத்துக்கு முன் இதே ஓட்டைப் பார்த்து, பென்சிலால் படம் போட்டு, 'பழைய இனம்' என்று நோட்டில் எழுதி மூடியவளும் இவள்தான், அது அந்த மகராசிக்குத் தெரியாது.

அப்படியென்ன புதுசு? கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் கடலில் மிதந்த டைனோஃபிளாஜெல்லேட், ஒற்றைச் செல் உயிர், ஓடு கட்டிக்கொண்டு அதற்குள் தூங்கிவிட்டு, ஒரு நாள் ஒரு தகட்டை மட்டும் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டது. அந்தத் தகடு இருந்த வாசல்துளை எந்தப் பக்கம் என்பதில்தான் இனமே நிற்கிறது. வலது என்றால் பழசு, இடது என்றால் புதுசு. தங்கச்சியின் படத்தில் இடது. லென்ஸுக்குக் கீழே... இரு, இரு... வலது! தெளிவாக வலது! ஓடு கண்ணாடி மாதிரி, மேல்பக்கமும் தெரியும், அடிப்பக்கமும் தெரியும். அடியில் இருப்பதை மேலிருந்து பார்த்தால் இடவலம் மாறும், அதைத் திருப்பிப் போட்டு வரைய வேண்டும். மேலே இருப்பதைத் திருப்பிவிட்டாள் மடச்சி, முதல் வருஷப் பிள்ளைகள் செய்கிற தப்பு! இவளுக்குச் சிரிப்புகூட வந்துவிட்டது. சொல்ல வேண்டுமா? எதற்குச் சொல்ல வேண்டும்? அனுப்பட்டும், அச்சில் வரட்டும், நாலு பேர் கைகொட்டிச் சிரிக்கட்டும், நாம் 'சரியா இருக்கு' என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்ப்போம்...

"என்னக்கா, சரியா இருக்கா?" தங்கச்சி வாசலில் நின்றாள். நகத்தைக் கடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளையில் நின்றது போலவே.

"இரு, பாத்துட்டுத்தான இருக்கேன்."

பார்ப்பது போலக் காட்டிக்கொள்ளத்தான் ஃபோகஸ் குமிழைத் திருகினாள். ஃபோகஸ் அடிப்பக்கம் இறங்க இறங்க, மேலே இருந்த முட்கள் கூர்மையாகி, மெல்லக் கலங்கின, இன்னும் கொஞ்சம் திருகினாள், துளையின் விளிம்பு அப்போதுதான் பளிச்சென்று வந்தது... அப்படியென்றால் அது மேலே இல்லை. அடியில் இருக்கிறது. வலதாகத் தெரிவதெல்லாம் இடதுதான். தங்கச்சி திருப்பிப் போட்டதுதான் சரி. பதினொரு வருஷத்துக்கு முன்னாலும் இன்றும் இந்தக் கால் சுற்றைத் திருகாமல் விட்டது யார்? புது இனம் இவள் கண்ணுக்குக் கீழேதான் கிடந்தது, இவள்தான் 'பழசு' என்று எழுதி மூடினாள்.

"சரியா இருக்கு," என்றாள்.

"அப்பாடா! நீ சொல்லிட்டா எனக்கு வேற யாரும் வேணாம்க்கா." தாள்களை அள்ளிக்கொண்டு, இவள் தோளை ஒரு அழுத்து அழுத்திவிட்டு ஓடிவிட்டாள். இவள் குமிழிலிருந்து கையை எடுக்கவில்லை. சரியா இருக்கு... தப்பு என்று நினைத்திருந்தபோது சொல்ல வைத்திருந்ததும் இதே இரண்டு வார்த்தைதான், குரல்கூட மாறியிருக்காது, அவள் இதே மாதிரி நம்பித் தோளை அழுத்திவிட்டு ஓடியிருப்பாள்... நிஜமாகவே சொல்லியிருப்பேனா?